கூப்பிட்டால் வரும் கோழிகள்

என் நைனாவுக்கு,

நீ இப்போது இருக்கிற இடத்தில் கரிப் புகை இல்லாமல் இருக்கட்டும். நாளெல்லாம் நிற்காமல் உட்காருவதற்கு ஒரு இடம் கிடைத்திருக்கட்டும்.

நாளைக்கு உனக்கு வருசப் படையல். அத்தை தரமணியிலிருந்து காலையில் வருகிறாள். நேற்றே ஒரு தடவை வந்துவிட்டுப் போனாள். உன் படத்தைத் துடைத்தாள், கொஞ்சம் அழுதாள், மூக்கைச் சிந்தினாள். அப்புறம் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன வருடமும் அப்படித்தான் பார்த்தாள்.

"வூட்லயே இத்தினி கோழி கீது. எதுக்கு கடைல போயி வாங்கணும்? என் தம்பிக்கு அவன் வூட்டுக் கோழியே படைச்சிரலாம்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா தலையாட்டினாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எதையும் வாயால் சொல்ல வராது, உனக்கே தெரியும். எழுத வரும். எட்டாவது வரை படித்ததில் மிச்சம் அதுதான்.

முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக உறுத்துகிறது. தமிழ்ப் பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். புத்தகம் கையில் இருந்தது, எழுத்தெல்லாம் தெரிந்தது, தொண்டை மட்டும் திறக்கவில்லை. மணி அடிக்கும் வரை நின்றேன். பின்பெஞ்சில் "ஊமச்சி, ஊமச்சி" என்று சிரித்தார்கள். இப்படிப் பல நாள் நடந்த பிறகுதான் உன்னைக் கூட்டிவரச் சொன்னார்கள். நீ இஸ்திரி வண்டியை அப்படியே விட்டுவிட்டு, கையில் கரியோடு வந்து வகுப்புக்கு வெளியே நின்றாய்.

"என்னப்பா, உன் பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது. வீட்லயாவது பேசுதா?" என்று டீச்சர் கேட்டார்.

"அது அப்படித்தான் டீச்சர். வோணாம்னா வூட்லயே இருக்கட்டும் வுடுங்க."

அவ்வளவுதான். என் படிப்பு முடிய அதற்குமேல் நேரம் ஆகவில்லை. திரும்பி வரும்போது எனக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாய். நீ ஏதாவது கேட்பாய் என்று பன்னை மெதுவாகத் தின்றேன். ஏன் பேச மாட்டேன்கிறே என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் நீ கேட்கவே இல்லையே, நைனா?

அந்த ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போன நீ, ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாய். உள்ளே ஏழு குஞ்சுகள். பள்ளிக்கூட வாசலில் ரோஸ், பச்சை என்று சாயம் போட்டு விற்பார்களே, அந்தக் குஞ்சோ என்று பார்த்தேன். சாயம் இல்லை. மண்ணும் சாம்பலுமாக ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

"சாயக்குஞ்சு சாவறதுக்குன்னே விக்கற சரக்கு. இது சிறுவிடை. அசல் நாட்டுக்கோழி. செங்கல்பட்டாண்டருந்து ஒரு அம்மா ரயில்ல கூடையோட எடுத்தாந்துச்சு. சின்ன உருவம், கொஞ்சமாத்தான் துன்னும், தானே அடை உக்காந்து தானே பொரிக்கும். பறக்கவும் செய்யும், தெரியுமா?" என்றாய். பெட்டியை என் மடியில் வைத்தாய். "இந்தா, உனக்குத் தொணை. இதுங்க உன்ன எழுந்து நின்னு படின்னு சொல்லாது."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏழு குஞ்சை வைத்தாய். சமமாகிவிட்டது என்று நினைத்தாயா?

ஏழுக்கும் தாய் இல்லை. நாற்பது வாட் பல்பைப் பெட்டிக்குள் தொங்கவிட்டோம். கரண்ட் போனால் தூக்குவாளியில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி நடுவில் வைப்பேன், சுற்றி ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் தெரியாமல் ஈரச் சோற்றைப் போட்டேன். இரண்டு குஞ்சு கழிந்து கழிந்து செத்தன. அப்புறம் நொய்யும் உடைத்த கம்பும் காயவைத்துப் போட்டேன். அடையாற்றோரம் பழைய சாக்கையும் சாணியையும் போட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைப்பேன். இரண்டு நாளில் கரையான் ஏறியிருக்கும். அதைக் கொத்தித் தின்னச் சட்டியைத் திறக்கும்போது குஞ்சுகள் போடுகிற சத்தத்தைக் கேட்டால், நான் ஏதோ பெரிய மனுசி என்று எனக்கே தோன்றும்.

ஐந்து பிழைத்தன. நான்கு பெட்டை, ஒரு சேவல். கருப்பி, புள்ளி, சாம்பா, குள்ளச்சி. சேவலுக்கு நீதான் துரை என்று பெயர் வைத்தாய்.

அதுகளுக்கு நான்தான் தாய்க்கோழி. "பா... பா... பா..." என்று கூப்பிடுவேன். வகுப்பில் ஒரு வரி வராத தொண்டையில் அது மட்டும் எப்படியோ வந்தது. அம்மா கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கும். நீ கூப்பிட்டால் இரண்டடி வரும். நான் கூப்பிட்டால் ஆற்றங்கரையிலிருந்து இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவரும். நீ அதைக் கண்டவர்களிடமெல்லாம் சொன்னாய். அத்தையிடமும் சொன்னாய். "வேற யார் போனாலும் கைல சிக்காதுக்கா. எம்பொண்ணு கொரல் குடுத்தாத்தான் வரும்." பெருமைக்குச் சொன்னாய். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேள்.

சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டு, குந்திக்கொண்டு பீடி பிடிப்பாய். கோழி கத்துவதற்கெல்லாம் அர்த்தம் சொல்வாய். "இது முட்ட போட்ட கூவல். இது மேல பருந்து சுத்துதுன்னு. இது சொம்மா, பொழுது போவாம பொலம்புது." எல்லாம் சரியாக இருக்கும். கோழியின் தொண்டையில் அத்தனை விதம் கேட்ட காதுக்கு, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவளிடமிருந்து ஒன்றும் கேட்கவில்லையா?

கருப்பி முதல் முட்டையை எங்கே போட்டது, ஞாபகம் இருக்கிறதா? உன் இஸ்திரி வண்டியின் கீழ்த்தட்டில், பழைய கம்பளிக்குள். அன்றைக்குக் காலை நீ வண்டியை எடுக்கவில்லை. கருப்பி எழுந்திருக்கட்டும் என்று நின்றாய். காந்தி நகரில் துணிக்காக எத்தனை வீட்டில் காத்திருந்தார்களோ. முட்டையைக் கையில் எடுத்து, "தேய்ச்ச துணி மாரி சூடா கீது பாரு" என்று என் கன்னத்தில் வைத்தாய்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா கடையில் கோழி வாங்கிக் குழம்பு வைத்தாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து உன் தட்டிலிருந்த துண்டையெல்லாம் என் தட்டில் தள்ளினாய். "நீ துன்னு. எனக்கு இன்னாவோ எறங்கல. இதுங்க மூஞ்சிதான் வருது." அப்புறம் குரலை இறக்கி, "வெளிய சொல்லாத. சிரிப்பானுங்க" என்றாய். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்திலும் அப்படியே செய்தாய். உனக்குச் சாப்பிட முடிந்தது முட்டை ஒன்றுதான். பாதி வெந்து, மிளகு தூவி.

வாயே திறக்காத ஒருத்தியிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்தாய். வெளியே வராது என்று நம்பித்தான் என்னைத் தேடிப் பிடித்தாயா?

முட்டைகளை, தேய்க்கத் துணி வாங்குகிற வீடுகளுக்குக் கொடுத்தாய். அதில் காந்தி நகர் ஐயர் மாமி வீடுதான் வேடிக்கை. மாமியின் பையனுக்கு உடம்பு தேற வேண்டும் என்று டாக்டர் முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் முட்டை என்கிற பேச்சே கூடாது. தேய்த்த துணி மூட்டைக்கு நடுவில் வைத்து நான் கொண்டுபோவேன். மாமி கதவைப் பாதி திறந்து, "மாத்திரை கொண்டு வந்தியோடி? மெதுவா வை, எங்காத்து மாமா கூடத்துல பேப்பர் படிச்சுண்டிருக்கார்" என்பாள். மாமா உள்ளேயிருந்து, "அந்த மாத்திரை நன்னா வெந்திருக்கட்டும், நேத்திக்கு ஸ்மெல் வந்தது" என்று ஒருநாள் குரல் கொடுத்தார். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. நான் தெருமுனை வரை சிரித்துக்கொண்டே வந்தேன். நான் தனியாகச் சிரித்த கடைசி நாள் அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம். கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்திருந்தபோதும் வாசல் பக்கம் காதைக் கொடுத்து, "குள்ளச்சி கொரல் மாறிட்ச்சு, அடைக்கு வந்துட்ச்சு, முட்டை வை" என்றாய். பதினோரு முட்டை வைத்தேன். எங்கே தெரியுமா? உன் வண்டியின் கீழ்த்தட்டில். இடி விழுந்தால் முட்டை கெட்டுப்போகும், கூடையில் கரித்துண்டும் இரும்பும் போட்டு வை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குள்ளச்சிக்குத் தனியாக வைக்கத் தேவைப்படவில்லை. மேல்தட்டில் உன் இஸ்திரிப் பெட்டி. பக்கத்தில் கரி மூட்டை. அதன்மேல் தார்ப்பாய். வைத்த மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்து கறிப் படையல் வைக்கிற நாள். உனக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். ஆளாளுக்குச் சொன்னார்கள். பீடிக்கட்டு என்றார்கள், சரி. டீ என்றார்கள், சரி. அத்தை எழுந்து நின்றாள்.

"அம்மாம் ஆசையா கோழி வளத்தவன். கோழிக் கொழம்பு இல்லாம படைச்சா எந்தம்பி வந்து துன்னுவானா? அவன் வயிறு நெறைய வோணாமா?" சொல்லிக்கொண்டே ஓவென்று அழுதாள். நடிப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நிஜமாகவே உன் வயிறு நிறைய வேண்டும் என்று நினைத்தாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தாள். அவளுக்கும் தெரியாது. அங்கிருந்த முப்பது பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

சித்தப்பா துரையை விரட்டிப் பார்த்தார். கைக்குச் சிக்கவில்லை. கூரைமேல் ஏறிக்கொண்டது. பொம்பளைகள் சிரித்தார்கள். அப்போதுதான் அத்தைக்கு நீ சொன்னது ஞாபகம் வந்தது.

"எங்கடி செல்வி? அவ கொரல் குடுத்தா வரும்னு எந்தம்பி சொல்லிகினே இருப்பானே! வாடி, கூப்புடு. உங்க நைனாவுக்குத்தானே? இதாவது செய்டி."

கையில் நொய்யைத் திணித்தாள். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் பார்த்த மாதிரியே. எழுந்து நின்று படி என்று சொன்ன மாதிரியே. நைனா கோழி சாப்பிட மாட்டார். நான்கே வார்த்தை. நாக்குவரை வந்தது. வெளிய சொல்லாத, சிரிப்பானுங்க என்று நீ சொன்னதும் கூடவே வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏதாவது ஒரு சத்தம் போட்டால் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று இருந்தது.

கூப்பிட்டேன். "பா... பா... பா..."

அன்றைக்கு முழுவதும் நான் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

வந்தன, நைனா. கருப்பி முதலில். புள்ளி, சாம்பா. கூரையிலிருந்து துரையும் குதித்து வந்தது. என் காலைச் சுற்றி நின்று நொய்யைக் கொத்தின. சித்தப்பா பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கினார். கருப்பி கத்தவே இல்லை. நான்தானே கூப்பிட்டேன்.

"இன்னொரு குள்ளக்கோழி இருந்துச்சே, அது எங்க?" என்றாள் அத்தை. அடையில் இருக்கிற கோழி யார் கூப்பிட்டாலும் எழுந்து வராது. நான் வண்டியின் பக்கம்கூடத் திரும்பவில்லை. "இதுகிட்ட கேட்டு இன்னா பிரயோஜனம்" என்று அவளே விட்டுவிட்டாள்.

உன் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். குழம்பு ஆவி பறந்தது. கூரைமேல் காக்காய்க்கு வைத்ததும் ஒரு காக்காய் வந்து பெரிய துண்டாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனது. "பாத்தியா, வந்துட்டான் எந்தம்பி, ஆசையா துன்ட்டான்" என்று அத்தை கும்பிட்டாள். காக்காய் எதைத்தான் தின்னாது?

பந்தியில் என் இலையில் அத்தை இரண்டு துண்டு அதிகம் வைத்தாள். "ஒழுங்கா கூப்ட்டியே, துன்னு." நீ என் தட்டில் தள்ளிய மாதிரி நான் தள்ளிவிடப் பக்கத்தில் யாரும் இல்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தின்றேன். அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். தின்றேன், நைனா.

பத்து நாள் கழித்து, நீ தேய்த்து வைத்த கடைசி மூட்டையை மாமி வீட்டில் கொடுக்கப் போனேன். மாமி அழுதாள். "மாத்திரை எல்லாம் இனிமே இல்லையாடி?" என்று கேட்டாள். கோழிகளைப் படையலுக்கு அறுத்துவிட்டார்கள் என்றேன். அதைச் சொல்லவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மாமி வாயில் கை வைத்துக்கொண்டாள். "என்னடி சொல்றே? உங்கப்பாதான் கோழியைத் தொடறதே இல்லைன்னாரே! நீங்க ஒளிச்சுண்டு வாங்கறேள், நான் ஒளிச்சுண்டு தள்ளிடறேன்னு என்கிட்ட சொல்லிச் சிரிப்பாரே! உனக்குத் தெரியாதோ?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"ஏண்டி, அப்ப ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

வெளியே சொல்லாதே என்று என் வாயைக் கட்டிவிட்டு, தெருவில் நின்று மாமியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். உனக்கு அது சின்ன விஷயம். நான்தான் பெரிய சத்தியம் மாதிரி மூடி வைத்திருந்தேன். அன்றைக்கு அடையாறு பாலத்தில் நின்று உன்னைத் திட்டினேன். மனதுக்குள்தான். பஸ் போகிற சத்தத்தில் வாய்விட்டுத் திட்டியிருந்தாலும் ஒருவருக்கும் கேட்டிருக்காது. அப்போதும் வரவில்லை.

மாமி கேட்ட அந்தக் கேள்வியோடுதான் ஒரு வருடமாக எழுந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?

இப்போதைய நிலவரம் கேள். அம்மாதான் வண்டி தள்ளுகிறாள். தோள் வலி என்கிறாள். உன்னைவிட மடிப்பு நன்றாக எடுக்கிறாள் என்று காந்தி நகரில் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே. குள்ளச்சி எட்டுக் குஞ்சு பொரித்தது. ஒன்றைப் பெருச்சாளி கொண்டுபோனது. கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வருகிற காலத்தில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் ஜன்னலுக்கு முன்னால் நெடுநேரம் நின்று, கடைசியில் ஒரு சீட்டில் எழுதி நீட்டிச் சொட்டு மருந்து வாங்கி வந்தேன். ஏழும் பிழைத்தன. ஐந்து பெட்டை முட்டை போடுகிறது. ஒன்று அச்சு அசல் கருப்பி. அதற்குப் பெயர் வைக்கவில்லை. எதற்கும் பெயர் வைக்கவில்லை.

குள்ளச்சிதான் தாய். ஆனாலும் நொய் போடும்போது நான் கூப்பிடுவேன். அதனால் இதுகளுக்கும் என் குரல் பழகிவிட்டது. அத்தைக்கும் அது தெரியும்.

நேற்று அவள் போன பிறகு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ தட்டில் தள்ளியதை, கல்யாணத்தில் தள்ளியதை, எல்லாம். அம்மா கரியை உடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட கூட சொல்லலயேடி அந்தாளு" என்றாள். அப்புறம், "இப்ப போயி சொன்னா உங்க அத்தை நம்புவாளா? போன வருசம் காக்கா துன்னுச்சேம்பா. அவகிட்ட யாரு பேசறது? நீ பேசுவியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்தாள்.

அதனால் எழுதிவிட்டேன். நீ வெளியே சொல்லாதே என்றதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதியாகிவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உன்னால் சிரிப்பைத் தாங்கியிருக்க முடியும், நைனா. நான்கு கோழியைவிட அது பெரிதில்லை.

நாளைக்குப் பேசுவேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். முப்பது பேர் பார்த்தால் தொண்டை மூடிக்கொள்ளும். வந்தால் பேசுகிறேன். வராவிட்டால் இந்தக் காகிதத்தை அத்தை கையில் கொடுக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டட்டும்.

ஆனால் இந்தச் சத்தியத்தைச் செய்கிறேன். விடிகிற நேரத்தில் கூண்டைத் திறந்துவிடுவேன். குள்ளச்சியோடு சேர்த்து எட்டும் ஆற்றங்கரைக்குப் போய்விடும். சித்தப்பா விரட்டட்டும், மரத்தில் ஏறிக்கொள்ளும். சிறுவிடை பறக்கும் என்று நீதானே சொன்னாய். அத்தை என் கையில் நொய்யைத் திணிப்பாள். கூப்புடுடி என்பாள். அழுவாள். முப்பது பேரும் என்னைப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். மணி அடிக்கும் வரை நிற்க எனக்குத் தெரியும்.

உன் இலையில் ஒரு முட்டை வைக்கிறேன். பாதி வெந்தது, மிளகு தூவி. கருப்பி மாதிரி இருக்கிறதே, அது இன்றைக்குப் போட்டது. காக்காய்க்கு முன்னால் வந்து சாப்பிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் வண்டியின் கீழ்த்தட்டு முட்டைகளைக் காட்டிக்கொடுக்காத
உன் பெண், செல்வி